பொன்னும் உப்பும் எல்லைநிலமும்: பெலா ஷாங்குலின் நிலவியல், மக்கள், வணிகம்

ஆய்வுச்சுருக்கம்

எத்தியோப்பிய மேட்டுநிலமும் சூடான் சமவெளியும் சந்திக்கும் பெலா ஷாங்குல் வட்டாரம் பொன் விளையும் நிலமாக நெடுங்காலம் அறியப்பட்டது. அதன் ஆற்றுப்படுகைகளில் கிடைத்த பொன் சென்னார், எகிப்து, எத்தியோப்பியா ஆகிய அரசுகளின் கவனத்தை ஈர்த்தது. ஆயினும் அப்பொன் அந்நிலத்து மக்களுக்குச் செல்வத்தைத் தரவில்லை. இவ்வட்டாரத்தின் நில அமைப்பு, மக்கட்பிரிவுகள், சந்தை வணிகம் ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்து விளக்குகிறது. அங்குப் பொன்னின் மதிப்பை உப்பும் இரும்பும் துணியும் நிறுவின என்பதும், எல்லைநிலம் என்னும் நிலையே பொன்னை வணிகப் பொருளிலிருந்து திறைப் பொருளாக மாற்றியது என்பதும் இதன் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: பெலா ஷாங்குல், பெர்த்தா, நீல நைல், அமோலே உப்பு, மௌன வணிகம், திறை, அடிமை வணிகம்

முன்னுரை

ஆப்பிரிக்கப் பொன் வணிகம் குறித்த எழுத்துகளில் மேற்காப்பிரிக்காவே முதலிடம் பெறுகிறது. கானா, மாலி அரசுகளும் சகாராவைக் கடந்த ஒட்டக வழிகளும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. நீல நைலின் இடைப்பகுதியில் அமைந்த பொன்வயல்கள் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. தமிழ் ஆய்வாளர்க்கு இப்பகுதி முற்றிலும் புதியதன்று. 6ஆம் நூற்றாண்டில் தப்ரபேன் என்னும் இலங்கையையும் மிளகு விளையும் மாலே கடற்கரையையும் குறித்தெழுதிய அலெக்சாந்திரிய வணிகர் கோஸ்மாஸ், அதே நூலின் மற்றோரிடத்தில் அக்சும் அரசின் பொன் வணிகத்தையும் விளக்குகிறார். இந்தியப் பெருங்கடல் வணிக வரலாற்றுக்காக அவர் நூலைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் கடந்து செல்லும் பகுதி அது. அப்பகுதி சுட்டும் நிலம் எது என்னும் வினாவுக்கு அறிஞர் முன்வைத்த விடைகளுள் ஒன்று, இக்கட்டுரை எடுத்துக்கொண்டுள்ள வட்டாரமாகும்.

1. பெயரும் எல்லையும்

இன்றைய எத்தியோப்பியாவின் மேற்கு எல்லையில் அமைந்த பெனிஷாங்குல்-குமுஸ் மாநிலத்தின் பெயரில் முற்பகுதியாக நிற்பது இவ்வட்டாரத்தின் பெயர். மூலவடிவம் 'பெலா ஷாங்குல்' என்பதாகும். பெர்த்தா மொழியில் 'பெலா' என்பது கல்லைக் குறிக்கும். ஷாங்குல் என்னும் கல்லைச் சார்ந்த ஊரின் பெயரே பின்னர் நிலத்தின் பெயராயிற்று. அரபு பேசிய வணிகர் வாயில் 'பெலா' என்பது 'பெனி' எனத் திரிந்தது. அரபியில் 'பெனி' என்பதற்கு 'மக்கள், வழித்தோன்றல்கள்' என்று பொருள். இவ்வாறு ஓர் இடப்பெயர் குலப்பெயர் போலத் தோற்றம் பெற்றது. வெளியார் வழங்கிய பெயர் உள்ளூர்ப் பெயரை மறைத்தமைக்கு இஃது எளிய சான்று.

இக்கட்டுரையில் பெலா ஷாங்குல் என்பது, அப்பாய் என எத்தியோப்பியர் வழங்கும் நீல நைலுக்குத் தெற்கிலும், டபுஸ் ஆற்றுக்கு மேற்கிலும், சூடான் சமவெளிக்குக் கிழக்கிலும் உள்ள நிலத்தைக் குறிக்கும். ஆற்றின் கீழ்ப்போக்கில் சூடான் பக்கத்தில் அமைந்த ஃபாசூக்லி, வரலாற்றிலும் வணிகத்திலும் இதனோடு இணைந்தது. எனவே அதுவும் உடன் கொள்ளப்படுகிறது.

2. நிலமும் பொன்னும்

எத்தியோப்பிய மேட்டுநிலம் மேற்கே இறங்கும்போது சரிவாகவும் படிகளாகவும் தாழ்ந்து, கற்குன்றுகள் தனித்தனியே எழுந்து நிற்கும் அலைநிலமாகிறது. வட்டாரத்தின் தலைநகராகிய அசோசா ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து வடக்கிலும் மேற்கிலும் நிலம் விரைந்து தாழ்கிறது. டபுஸ் ஆறு வடக்கே பாய்ந்து அப்பாயில் கலக்கிறது. துமத் ஆறும் வடக்கு நோக்கிச் சென்று ஃபாசூக்லிக்கு அருகில் நீல நைலை அடைகிறது. மூங்கில் காடுகளும் உயர்ந்த புல்வெளிகளும் இந்நிலத்தின் இயல்பான தோற்றம். மழை ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை பெய்யும். அக்காலத்தில் ஓடைகள் பெருகி வழிகள் அடைபடும். கோடையில் பல ஓடைகள் வற்றி மணற்படுகை வெளிப்படும்.

பொன் கிடைப்பதற்கான காரணம் பாறையில் உள்ளது. அரேபிய-நூபியப் பாறைத்தளத்தைச் சார்ந்த மிகப் பழைய உருமாறிய பாறைகள் இங்கு நிலத்தின் மேற்பரப்பில் காணப்படுகின்றன. கிழக்கே மேட்டுநிலத்தில் இவற்றை எரிமலைப் பாறை தடித்து மூடியுள்ளது. மேற்கில் அம்மூடுபாறை அரிக்கப்பட்டுப் பழம்பாறை வெளிப்பட்டது. அப்பாறையூடே ஓடும் வெண்படிகக் கல் நாளங்களில் பொன் உள்ளது. மழைநீர் அந்நாளங்களைச் சிதைத்துப் பொன்துகளை ஓடைகளில் கொண்டு சேர்க்கிறது. பொன் கனமானது. ஆதலால் நீரோட்டம் தளரும் வளைவுகளிலும் பருக்கைக்கற்களின் அடியிலும் அது தங்கிவிடுகிறது. மக்கள் காலங்காலமாக எடுத்தது இந்த வண்டற்பொன்னையே.

இந்நில இயல்பு தொழிலின் தன்மையை முடிவுசெய்தது. பொன் ஓரிடத்தில் திரண்டிராமல் நூற்றுக்கணக்கான ஓடைகளில் சிதறிக் கிடந்தது. அதனை எடுக்கப் பெருமுதலோ ஆழ்ந்த சுரங்கமோ தேவைப்படவில்லை. தோண்டுகோலும் மரத்தட்டும் நீரும் போதும். மழைக்காலத்தில் சோளம் விளைவித்த குடும்பமே உழவு ஓய்ந்த காலத்தில் பருக்கை மண்ணைத் தோண்டிப் பொன் அரித்தது. அரிப்பதற்கு நீர் வேண்டும். தோண்டுவதற்கு வெள்ளம் வடிந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமையும் மாதங்கள் சிலவே. எனவே பொன், உழவுக்குத் துணையான பருவத் தொழிலாக இருந்ததேயன்றி உழவுக்கு மாற்றாக இருக்கவில்லை. பின்வந்த அரசுகள் உணரத் தவறிய அடிப்படை இது.

3. மக்கள்

வட்டாரத்தின் பெரும்பகுதியில் வாழ்வோர் பெர்த்தா மக்கள். அவர்கள் மொழி நைல்-சகாராக் குடும்பத்தைச் சார்ந்தது. குன்றுகளின் சரிவுகளிலும் உச்சிகளிலும் ஊரமைத்துச் சோளம் பயிரிட்டு வாழ்ந்தனர். அவர்களுடைய வாய்மொழி மரபுகள் பல, முன்னோரைச் சென்னார் நாட்டோடு தொடர்புபடுத்துகின்றன. அப்பாய் ஆற்றின் இருபுறமும் குமுஸ் மக்கள் வாழ்கின்றனர். தெற்கில் மாவோ, கோமோ ஆகியோரும், அப்பாய்க்கு வடகிழக்கில் ஷினாஷா மக்களும் உள்ளனர். கிழக்கில் வல்லகாப் பகுதியில் ஒரோமோ மக்கள் குடியேறிப் பரவியதால், முன்பிருந்த சிறுகுடிகள் பல தாழ்நிலத்துக்குத் தள்ளப்பட்டன.

இவ்வமைப்பில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் புதியதொரு பிரிவு உருவாயிற்று. சூடானிலிருந்து வந்த 'ஜல்லாபா' என்னும் அரபு பேசும் முஸ்லிம் வணிகர், பெர்த்தா தலைவர் குடும்பங்களில் பெண்கொண்டு தங்கினர். அவர்கள் வழித்தோன்றல்கள் 'வதாவீத்' எனப்பட்டனர். இவ்வரபுச் சொல்லுக்கு 'வௌவால்கள்' என்று பொருள். பறவையும் அல்லாத விலங்கும் அல்லாத உயிர் போல இரு குலங்களுக்கு இடைப்பட்டவர் என்னும் கருத்தில் இப்பெயர் வந்ததாக விளக்கம் கூறப்படுவதுண்டு. தாய்வழியில் நிலவுரிமையும் தந்தைவழியில் வணிகத் தொடர்பும் இஸ்லாமியக் கல்வியும் பெற்ற இவர்கள் விரைவில் ஆட்சியாளர் ஆயினர். பெலா ஷாங்குல், அசோசா, கோமோஷா என்னும் மூன்று ஷேக் ஆட்சிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலோங்கின.

மேட்டுநில மக்கள் இத்தாழ்நிலத்தார் அனைவரையும் 'ஷாங்கில்லா' என ஒரே சொல்லால் வழங்கினர். அச்சொல் நிறத்தையும் அடிமை நிலையையும் ஒருங்கே சுட்டிய இழிசொல். பழைய பயண நூல்களில் அது மக்கட்பெயர் போல ஆளப்பட்டுள்ளது. அந்நூல்களைப் பயன்படுத்துவோர் அச்சொல்லை அவ்வாறே எடுத்தாள்வது பொருந்தாது. சொல் எவரைக் குறிக்கிறது என்று ஆராய்ந்து உரிய குடிப்பெயரால் வழங்குவதே முறை.

4. கோஸ்மாஸ் காட்டும் பொன் வணிகம்

கோஸ்மாஸ் ஏறத்தாழ கி.பி. 525இல் செங்கடல் துறைமுகமாகிய அதூலிசில் இருந்தார். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய 'கிறித்தவ நிலவியல்' என்னும் நூலில் 'சாசு' என்னும் பொன்நாட்டைக் குறிப்பிடுகிறார். அவர் கூறுவதன் சாரம் வருமாறு: அக்சும் மன்னர் ஓராண்டு விட்டு ஓராண்டு, அகாவ் நாட்டு ஆளுநர் வழியாகத் தம் ஆட்களை அனுப்புவார். அவர்களுடன் வணிகரும் சேர்ந்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் செல்வர். மாடுகளும் உப்பும் இரும்பும் கொண்டு செல்வர். அந்நாட்டை நெருங்கியதும் முள்வேலி அமைத்துத் தங்குவர். மாடுகளை அறுத்து இறைச்சித் துண்டுகளையும் உப்பையும் இரும்பையும் வேலிமேல் வைப்பர். உள்ளூரார் வந்து, தமக்கு வேண்டிய பொருளின்மேல் அவரை விதை போன்ற பொற்கட்டிகளை வைத்து விலகி நிற்பர். பொருளுக்குரியவர் மனநிறைவு கொண்டால் பொன்னை எடுத்துக்கொள்வார், இல்லையேல் விட்டுவிடுவார். உள்ளூரார் பொன்னைக் கூட்டி வைப்பர் அல்லது திரும்ப எடுத்துக்கொள்வர். ஐந்து நாள்களில் வணிகம் முடியும். போக்குவரத்துக்கு ஆறு மாதம் ஆகும். மழை தொடங்குமுன் விரைந்து மீள்வர்.

இக்குறிப்பை இருவகையில் மதிப்பிடலாம். பேசாமல் பொருள் மாற்றும் 'மௌன வணிகம்' பற்றிய செய்திகள் பழங்கால எழுத்துகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஹெரோடோட்டஸ் கார்த்தேஜ் வணிகரைப் பற்றி இத்தகைய செய்தியைத் தருகிறார். அரபு எழுத்தாளர் மேற்காப்பிரிக்கப் பொன்னாட்டைப் பற்றித் தருகின்றனர். பி.எஃப். தெ மொரேஸ் ஃபாரியாஸ் 1974இல் வெளியிட்ட கட்டுரையில், இத்தகைய செய்திகள் பலவும் வழிவழியாக வந்த கதைக்கூறாக இருக்கக்கூடும் என எச்சரித்தார். மொழியறியாதவர் என உள்ளூராரைச் சித்திரிப்பது, இடைத்தரகரின் பங்கை மறைக்கவும் பயன்படும்.

எனினும் கோஸ்மாஸ் தரும் செய்தியில் கதைக்கூறுக்கு அடங்காத நுணுக்கங்கள் உள்ளன. மழைக்காலத்தை அவர் எகிப்திய மாதங்களால் குறிக்கிறார். அது ஏறத்தாழ ஜூன் இறுதி முதல் செப்டம்பர் வரை அமைகிறது. அம்மழையால் பெருகும் ஆறுகள் நைலில் கலப்பதையும் கூறுகிறார். இவை மேற்கு எத்தியோப்பியாவின் பருவநிலையோடு ஒத்துச் செல்கின்றன. எடுத்துச் செல்லப்பட்ட பொருள்கள் உப்பும் இரும்பும் மாடும் என்பது பிற்கால வணிகத்தோடும் பெரிதும் பொருந்துகிறது. இப்பொருத்தங்களைக் கொண்டே சாசுவை ஃபாசூக்லி-பெலா ஷாங்குல் பகுதியாகக் கருதும் கருத்து எழுந்தது. அதனை முடிந்த முடிபாகக் கொள்ள வேண்டியதில்லை. நீல நைலின் பொன்வயல்களுக்குப் பொருந்தும் வணிகமுறை ஒன்றை அக்குறிப்பு காட்டுகிறது என்ற அளவில் கொள்வது தக்கது.

5. உப்புவழியும் சந்தையும்

19ஆம் நூற்றாண்டின் பெலா ஷாங்குலை விரிவாக ஆராய்ந்தவர் இத்தாலிய வரலாற்றாசிரியர் அலெஸ்ஸாந்த்ரோ திரியுல்சி. 1981இல் வெளிவந்த அவர் நூலின் தலைப்பு உப்பு, பொன், ஆட்சித்தகுதி என்னும் மூன்றையும் அடுக்குகிறது. அவ்வரிசையில் உப்பு முன்னிற்பது கருதத்தக்கது.

எத்தியோப்பியாவின் வடகிழக்கில், கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த அஃபார் பள்ளத்தில் உப்புப் பாளங்கள் வெட்டப்பட்டன. அவற்றை ஓரளவாகச் செதுக்கிய கட்டிகள் 'அமோலே' எனப்பட்டன. இக்கட்டிகள் உணவுப்பொருளாகவும் நாணயமாகவும் மேட்டுநிலம் முழுதும் வழங்கின. உப்பு வெட்டும் இடத்திலிருந்து தொலைவு கூடக்கூட ஒரு கட்டியின் மதிப்பும் உயர்ந்தது. பெலா ஷாங்குல் அவ்வழியின் மேற்குக் கடைக்கோடியில் இருந்தது. ஆகவே இங்கு உப்பு மிக அரியதாயிற்று. பொன் மலிந்து உப்பு அருகிய நிலத்தில், உப்புக்கே பொன் விலைப்பட்டது. மேட்டுநில வணிகர் மேற்கே வருவதற்கு இவ்விலை வேறுபாடே காரணம்.

மேற்கிலிருந்து வேறொரு வணிகம் வந்து எதிர்ப்பட்டது. ஜல்லாபா வணிகர் தம்மூர் என்னும் சூடான் பருத்தித்துணி, கண்ணாடி மணிகள், இரும்புப் பொருள்கள் ஆகியவற்றைக் கொணர்ந்தனர். மேட்டுநிலத்திலிருந்து உப்போடு காப்பி, தேன், மெழுகு, புனுகு, தந்தம் ஆகியவை வந்தன. இவ்விரு வழிகளும் கூடும் சந்தைகளுள் ஃபதாசி குறிப்பிடத்தக்கது. ஆஸ்திரியப் பயணி எர்ன்ஸ்ட் மார்னோ 1870இலும், இத்தாலியராகிய ரொமோலோ ஜெஸ்ஸியும் பெல்லெக்ரீனோ மத்தேயுச்சியும் 1878இலும் அங்குச் சென்றனர். டச்சுப் பயணி யுவான் மரியா ஷூவர் 1881-82இல் இவ்வட்டாரத்தில் தங்கி எழுதிய குறிப்புகள், மக்கள் வாழ்க்கையைப் பற்றிய விரிவான சான்றுகளாக இன்றும் பயன்படுகின்றன.

இச்சந்தைகளில் மாந்தரும் விலைப்பொருள் ஆயினர். குமுஸ், மாவோ, கோமோ ஊர்களிலும் பெர்த்தா ஊர்களிலும் கவர்ந்து கொள்ளப்பட்டோர் மேற்கே சூடானுக்கும் கிழக்கே மேட்டுநிலத்துக்கும் விற்கப்பட்டனர். பொன் வணிகத்தை அடிமை வணிகத்திலிருந்து பிரித்து எழுதுவது இவ்வட்டாரத்தைப் பொறுத்தவரை இயலாது. ஒரே வணிகர், ஒரே வழி, ஒரே சந்தை இரண்டுக்கும் பயன்பட்டன.

6. பொன் தேடிய அரசுகள்

1504இல் தோன்றிய சென்னாரின் ஃபுஞ்ச் அரசு, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபாசூக்லியைத் தன் ஆட்சிக்குள் கொணர்ந்தது. அதன்வழிப் பொன் வடக்கே சென்றது. 1821இல் எகிப்தின் முகம்மது அலி அனுப்பிய படை சென்னாரைக் கைப்பற்றியது. பொன்னும், படைக்கு ஆளாக்கத்தக்க அடிமைகளும் அப்படையெடுப்பின் வெளிப்படையான நோக்கங்கள். அவர் மகன் இஸ்மாயில் 1822இன் தொடக்கத்தில் ஃபாசூக்லியைக் கடந்து தெற்கே சென்றார். நகைத்தொழில் அறிந்த பிரெஞ்சுக்காரர் ஃபிரெடெரிக் கையோ உடன்சென்று ஓடைகளை ஆய்ந்தார். எதிர்பார்த்த பொற்குவியல் கிட்டவில்லை. குன்றூர்களிலிருந்து மக்கள் பிடிக்கப்பட்டனர்.

முயற்சி அத்துடன் முடியவில்லை. 1838இல் ஆஸ்திரியச் சுரங்கப் பொறியாளர் யோசெஃப் ருஸ்ஸெகர் பொன்வயல்களை ஆய்ந்தார். அடுத்த சில மாதங்களில், எழுபது வயதை நெருங்கிய முகம்மது அலியே கெய்ரோவிலிருந்து ஃபாசூக்லி வரை வந்தார். 1847-48இல் உருசியப் பொறியாளர் யெகோர் கோவலெவ்ஸ்கி பொன் அரிக்கும் நிலையம் அமைக்க அழைக்கப்பட்டார். பொறியாளர்களும் கருவிகளும் படைக்காவலும் மாறிமாறி வந்தபோதிலும் வருவாய் செலவை ஈடுசெய்யவில்லை.

இத்தோல்விக்குக் காரணம் மண்ணில் பொன் இன்மை அன்று. சிதறிய வண்டற்பொன்னை அரசு ஓரிடத்தில் ஆட்களைக் குவித்து எடுக்க முயன்றது. குடும்பம் பருவத்துக்கேற்ப எடுக்கும்போது அப்பொன்னுக்கு ஆகும் செலவு, ஓய்ந்த காலத்து உழைப்பு மட்டுமே. அதே பொன்னை அரசு எடுக்கும்போது உணவு, காவல், போக்குவரத்து, கூலி ஆகிய அனைத்தும் செலவாயின. மேலும் படை வந்த இடத்தில் மக்கள் குன்றுகளுக்கு ஓடினர். அரிக்கத் தெரிந்தவரே இல்லாத ஓடையில் பொன் இருந்தும் பயனில்லை. நேரே எடுக்க இயலாத பொன்னைத் தலைவர் வழியாகத் திறையாகப் பெறுவதே எஞ்சிய வழி. திறைக்குப் பொன் போதாதபோது அடிமைகள் கொடுக்கப்பட்டனர்.

7. எத்தியோப்பிய ஆட்சியும் எல்லைக்கோடும்

1880களில் எகிப்திய ஆட்சி சூடானில் வீழ்ந்து மஹ்தி அரசு எழுந்தது. அதன் படைகள் பெலா ஷாங்குல் வழியாக வல்லகா வரை சென்றன. 1888இல் கூத்தே திலி என்னுமிடத்தில் அவை முறியடிக்கப்பட்டன. பேரரசர் இரண்டாம் மெனெலிக் அனுப்பிய ராஸ் மக்கொன்னனின் படை 1897-98இல் மூன்று ஷேக் ஆட்சிகளையும் அடக்கியது. அசோசாவின் ஷேக் கோஜெலே சிறைப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்டு, பேரரசின் சார்பில் வட்டாரத்தை ஆளும் நிலை பெற்றார். பொன் திறை அவருடைய முதற்கடமை. 'வாகெத்' என்னும் ஏறத்தாழ 28 கிராம் நிறையால் அப்பொன் அளக்கப்பட்டது.

ஷேக் தம் மக்களிடம் பொன் வாங்குவதும் பேரரசர் ஷேக்கிடம் பொன் வாங்குவதும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த சுமைகள். அடித்தளத்தில் இருந்தவர் ஓடையில் நிற்கும் உழவரே. சந்தையில் ஒரு குடும்பம் பொன்னைக் கொடுத்து உப்பைப் பெற்றபோது, குறைந்த அளவேனும் பேரம் இருந்தது. திறையில் பேரம் இல்லை, மாற்றுப்பொருளும் இல்லை. அடிமை வணிகமும் இவ்வாட்சியில் நெடுநாள் நீடித்தது. கோஜெலேயின் மனைவியருள் ஒருவராகிய சித் ஆம்னா, எல்லை கடந்து அடிமைகளை விற்றமைக்காக 1920களில் சூடானின் பிரித்தானிய ஆட்சியாளரால் கைதுசெய்யப்பட்டார். எத்தியோப்பியாவில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1942இல்தான் வந்தது.

1902 மே 15இல் பிரித்தானியாவும் எத்தியோப்பியாவும் செய்த உடன்படிக்கை இவ்வட்டாரத்தை எத்தியோப்பியாவுக்குள் வைத்தது. நீல நைலின் நீரோட்டத்தைத் தடுக்கும் கட்டுமானங்களைப் பிரித்தானியாவுடனும் சூடான் அரசுடனும் உடன்பாடின்றி எழுப்புவதில்லை என்னும் உறுதியும் அதே உடன்படிக்கையில் இடம்பெற்றது. பொன்னுக்காக விரும்பப்பட்ட நிலம் இவ்வாறு நீருக்காகவும் கருதப்படத் தொடங்கியது. கோடு இடப்பட்டபோது பெர்த்தா, குமுஸ் மக்கள் இரு நாட்டினராயினர். குர்முக் சந்தை எல்லையூர் ஆயிற்று.

8. இன்றைய நிலை

1995ஆம் ஆண்டு அரசமைப்பின்படி பெனிஷாங்குல்-குமுஸ் தனி மாநிலமாயிற்று. பெர்த்தா, குமுஸ், ஷினாஷா, மாவோ, கோமோ ஆகிய ஐவரும் அதன் மூத்தகுடிகளாக ஏற்கப்பட்டனர். அம்மாநிலத்தின் குபாப் பகுதியில் 2011இல் தொடங்கிய பேரணை 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஓடைகளில் கைத்தொழிலாகப் பொன் அரிப்போர் இன்றும் உள்ளனர். தரகர் வழியாகவும் கள்ளச்சந்தை வழியாகவும் அவர்கள் பொன் விலைபோகிறது. இயந்திரச் சுரங்கங்களுக்கான முயற்சிகளும் நடைபெறுகின்றன. மேற்பரப்பு வண்டலைவிட ஆழத்துப் பாறை இன்று பெருமுதலுக்கு உகந்ததாகியுள்ளது. ஆதலால் அரிப்போரின் ஓடையும் நிறுவனத்தின் உரிமநிலமும் ஒன்றோடொன்று மோதும் வாய்ப்பு கூடியுள்ளது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பின்வருவன பெறப்படுகின்றன.

முதலாவதாக, பெலா ஷாங்குலில் பொன் உழவைச் சார்ந்த பருவத் தொழில். சிதறிய வண்டற்பொன் என்னும் நில இயல்பே இதற்குக் காரணம்.

இரண்டாவதாக, அங்குப் பொன்னின் மதிப்பு பொன்னில் இல்லை; தொலைவிலிருந்து வந்த உப்பு, இரும்பு, துணி ஆகியவற்றின் அருமையில் இருந்தது. 6ஆம் நூற்றாண்டுக் குறிப்பும் 19ஆம் நூற்றாண்டுச் சந்தையும் இதில் ஒத்துள்ளன. இவ்வொப்புமை அறுபடாத தொடர்ச்சியைக் காட்டுவதாகக் கொள்ளாமல், ஒத்த நிலச்சூழல் ஒத்த வணிகத்தை உருவாக்கியதாகக் கொள்வதே பொருத்தம்.

மூன்றாவதாக, இரு பேரரசுகளின் விளிம்பில் இருந்தமையால் இந்நிலம் இருபுறமும் திறை செலுத்தியது. பொன் திறையானபோது மாந்தரும் திறையாயினர்.

நான்காவதாக, இவ்வட்டாரம் பற்றிய எழுத்துச் சான்றுகளில் பெரும்பாலானவை பொன்னையோ ஆற்றையோ தேடி வந்தவர் எழுதியவை. பொன் எவ்வளவு கிடைக்கும் என்பதை அவை விரிவாகக் கூறுகின்றன. பொன்னை அரித்தவர் யார், அதற்கு ஈடாக என்ன பெற்றனர் என்பதைப் போகிறபோக்கில் கூறுகின்றன. அப்போகிறபோக்குக் குறிப்புகளைத் திரட்டி, பெர்த்தா, குமுஸ் மக்களின் வாய்மொழி மரபுகளோடு ஒப்பிட்டுப் படிப்பதே இனி ஆய்வு செல்ல வேண்டிய திசையாகும்.